தீராத மருவும் தகுந்த சிகிச்சையும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று கைகளை நீட்டும்பொழுது கவனித்தால், சிலருடைய விரல்களில் சொரசொரப்பான சிறு முளைகள் இருப்பதைக் காணலாம். முழங்காலிலும் உள்ளங்காலிலுங்கூட இவை தோன்றுவதுண்டு. இவற்றை மரு என்றும் பாலுண்ணி என்றும் நம் மக்கள் அழைக்கிறார்கள்.

குழந்தைகளுக்கு வரும் மரு உயிருக்கு ஆபத்தானதன்று. ஆனால் அதைப் போக்குவதற்காகக் கையாளப்படும் சில முறைகள் குழந்தையின் கையையே கெடுத்துவிடக்கூடும். சுண்ணாம்பையும் சோடா உப்பையும் குழைத்து வைத்தல், சேங்கொட்டை எண்ணெயைத் தடவுதல், அமிலத்தைத் தொட்டு வைத்தல், சவரக் கத்தியால் அறுத்தல், ஊதுவத்தியால் சுடுதல் ஆகியவற்றால் ஆழ்ந்த புண் உண்டாகிறது. புண் ஆறிய பின் ஆயுள் முழுவதும் மாறாத தழும்பு நின்றுவிடுகிறது. விரல் மூட்டின்மேல் உண்டாகும் தழும்பு இறுகினால், அவ்விரலை நன்றாக மடக்கவும் இயலாது. தானே மறைந்துவிடக்கூடிய ஒரு சிறு முளைக்காக, நாளைக்கு எழுதுகோலும் மண்வெட்டியும் பிடிக்கவேண்டிய கையைப் பாழாக்கிக் கொள்ளலாமா?

மருவுக்குச் செலவின்றிச் செய்யத்தக்க சிகிச்சையும் உண்டு; எளிதில் தீராத மருவுக்கென வைரஸ் கிருமியை எதிர்க்கும் புதுவகைக் களிம்பும் உண்டு. அவற்றுள் எது யாருக்கு வேண்டும், எது வேண்டாம் என்பதையும், இதில் பஞ்சாயத்து ஆற்றக்கூடிய பணி யாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரு எதனால் உண்டாகிறது?

மரு உடற்சூட்டினால் வருவதன்று. தின்ற பண்டத்தினால் வருவதுமன்று. மனித பாப்பிலோமா வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமியே அதற்குக் காரணம். 1907-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மருத்துவர் சியுஃபோ என்பவர், மருவை அரைத்து எடுத்த சாற்றைச் சாதாரணக் கிருமிகள் நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தார். வடித்த சாற்றை மனிதத் தோலில் செலுத்தியபோது அங்கே மரு முளைத்தது. வடிகட்டியையும் கடந்து செல்லக்கூடிய ஒரு நுண்கிருமியே மருவை உண்டாக்குகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

இக்கிருமியில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதாக இன்று அறியப்பட்டுள்ளது. கைகால்களில் மருவை உண்டாக்கும் வகைகள் வேறு. பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வகைகள் வேறு. ஆகவே, விரலில் மரு வந்த பெண் குழந்தைக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் என்று பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. பெண் குழந்தைகளுக்குப் போடப்படும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி, கைகால் மருவைத் தடுப்பதற்காக ஏற்பட்டதன்று. அதை அதற்குரிய பயனுக்காகவே போட்டுக்கொள்ள வேண்டும்.

மாட்டின் மடியிலும் காம்பிலும் மரு தோன்றுவதை உழவர்கள் அறிவார்கள். அதுவும் இதே இனத்தைச் சேர்ந்த கிருமியால் வருவதுதான். ஆனால் மாட்டுக்குரிய கிருமி மனிதருக்கு ஒட்டுவதில்லை. பால் கறக்கும் பிள்ளைக்கு மாட்டிடமிருந்து மரு வந்தது என்று எண்ணுவது தவறு. ஒரு குழந்தையின் மருவிலிருந்து உதிரும் தோல் துகள்கள் மற்றொரு குழந்தையின் தோலில் உள்ள சிராய்ப்பிலோ வெடிப்பிலோ படும்பொழுதுதான் மரு பரவுகிறது. ஈரத்தில் ஊறிய தோலில் கிருமி எளிதில் நுழையும். நகம் கடிக்கும் பிள்ளைகளுக்கு நகத்தைச் சுற்றி மருக்கள் வருவதும், வெறுங்காலுடன் ஈரத்தரையில் நடப்பவர்களுக்கு உள்ளங்காலில் வருவதும் இதனாலேயே. கிருமி நுழைந்து சில மாதங்கள் சென்ற பின்னரே மரு வெளியில் தெரிகிறது.

மருவுக்கு வேர் இல்லை

"வேரோடு பிடுங்கினால்தான் மரு போகும்" என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மையில் மருவுக்கு வேர் கிடையாது. அது மேல்தோலில் மட்டுமே வளருகிறது. மருவைச் சீவினால் தெரியும் கரும்புள்ளிகள் வேர்களல்ல. குருதி உறைந்துபோன மிகச்சிறிய இரத்தக் குழாய்களின் நுனிகளே அவை.

மருக் கிருமி மேல்தோலின் அடிப்பகுதியில் உள்ள உயிரணுக்களில் புகுந்து, அவ்வணுக்கள் மேலே எழும்பொழுது தானும் பெருகி, உதிரும் தோலோடு வெளியேறுகிறது. அது இரத்தத்தில் கலப்பதில்லை. காய்ச்சலையோ வீக்கத்தையோ உண்டாக்குவதுமில்லை. ஆதலால் உடலின் எதிர்ப்புச் சக்தி, பகைவன் புகுந்திருப்பதையே நெடுநாள் அறியாதிருக்கிறது. மரு மாதக்கணக்கில் நிலைத்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஒருநாள் உடல் அதை அறிந்துகொள்ளுகிறது. அறிந்தபின் பத்து மருக்கள் இருந்தாலும் சில வாரங்களுக்குள் ஒருங்கே மறைந்துவிடுவதுண்டு. குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சிகளில், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஓராண்டிற்குள்ளும், மூன்றில் இரண்டு பங்கினருக்கு 2 ஆண்டுகளுக்குள்ளும் மருக்கள் எந்தச் சிகிச்சையுமின்றி மறைந்தமை காணப்பட்டது.

மரு நீங்கவேண்டுமென்று கோயிலில் உப்பும் மிளகும் செலுத்தும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. அவ்வழக்கத்தால் குழந்தைக்கு யாதொரு தீங்குமில்லை. நேர்ந்துகொண்டு பொறுத்திருப்பது, அறுப்பதையும் சுடுவதையும்விட எவ்வளவோ மேலானது. அறுப்பவரோ மருவை மட்டும் அறுப்பதில்லை. உள்தோலையும் சேர்த்தே காயப்படுத்துகிறார். மருவிலுள்ள கிருமி காயத்தின் விளிம்பெல்லாம் படிந்து, ஒரு மரு இருந்த இடத்தில் வளையம்போலப் பல மருக்கள் முளைப்பதும் உண்டு. ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியை மற்றொருவருக்கும் பயன்படுத்தினால் வேறு கொடிய நோய்களும் பரவக்கூடும்.

முதற் சிகிச்சை

ஓர் உழவரின் எட்டு வயது மகளை எடுத்துக்கொள்வோம். அவளுடைய வலக்கை விரல்களில் ஐந்து மருக்கள் இருக்கின்றன. வலியில்லை. ஆனால் உடன் படிப்பவர்கள் கேலி செய்வதால் கையைப் பாவாடையில் மறைத்துக்கொள்ளுகிறாள். பொறுத்திருந்தால் போய்விடும் என்று சொல்வது அவளுக்கு ஆறுதல் தருவதில்லை. அவளுக்கு என்ன செய்யலாம்?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று, அது மருதான் என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். கால் ஆணியும் வேறு சில தோல் நோய்களும் மருவைப்போலவே தோன்றுவதுண்டு.

மருவுக்கு முதன்மையாகத் தரப்படும் மருந்து சாலிசிலிக் அமிலம் கலந்த பூச்சு ஆகும். 17 சதவிகிதம் அளவில் உள்ள பூச்சு பொதுவாகப் பயன்படுகிறது. பல ஆராய்ச்சிகளை ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்ததில், மருந்தில்லாத வெறும் பூச்சைக் காட்டிலும் இது பயனளிப்பது தெரியவந்துள்ளது. ஆனால் இது எல்லோருக்கும் பலிப்பதில்லை. பலிப்பதற்கும் பொறுமை வேண்டும். இரவில் படுக்குமுன் மருவை வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் வரை ஊறவைக்க வேண்டும். வெளுத்து மெதுவான தோலைப் நுரைக்கல்லால் அல்லது தேய்க்கும் அட்டையால் மெல்லத் தேய்த்தெடுக்க வேண்டும். மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவி, மருவின்மேல் மட்டும் மருந்தை இடவேண்டும். தோல் புண்ணாகிவிட்டால் சில நாள் நிறுத்தி, ஆறிய பின் தொடரலாம். இவ்வாறு 12 வாரம் வரை செய்துவர வேண்டும். தேய்க்கப் பயன்படுத்திய கல்லை வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாகாது. முகத்திலும் பிறப்புறுப்புப் பகுதியிலும் இம்மருந்தைத் தொடவே கூடாது.

ஒரு வாரம் போட்டுப் பார்த்து, "இந்த மருந்து கேட்கவில்லை" என்று கைவிடுபவர்களே அதிகம். விதைத்த ஏழாம் நாள் அறுவடையை எதிர்பார்ப்பது போன்றது அது.

இரண்டாவது முறை, மருவைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்தல். பசுக்களுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்வதற்கான உறைவிந்து வைக்கப்பட்டிருக்கும் கொள்கலனில் புகைவதும் இதே திரவந்தான். அதன் குளிர்ச்சி பூஜ்யத்திற்குக் கீழே 196 டிகிரி. தோல் மருத்துவர் இதை மருவின்மேல் சில வினாடிகள் மட்டும் படச்செய்வார். 2 அல்லது 3 வாரங்களுக்கு ஒருமுறையாகப் பல தடவை செய்ய நேரிடும். வலி உண்டாவதால் சிறு குழந்தைகளுக்கு இது ஏற்றதன்று. நம்மவரின் மாநிறத் தோலில் அவ்விடம் வெளுத்தோ கறுத்தோ போவதுமுண்டு. கால்நடைக்கு வைத்திருக்கும் நைட்ரஜனைக் கொண்டு யாரும் இதைத் தாமே செய்ய முற்படலாகாது; விரலே அழுகிப்போகக்கூடும்.

பிடிவாதமான மருக்கள்

முறையான சிகிச்சை இருவகை செய்தும் போகாத மருவையும், 2 ஆண்டுகளுக்குமேல் நிலைத்துப் பெருகும் மருவையும் பிடிவாதமான மரு எனலாம். இங்கேதான் புதிய மருந்துகளின் பேச்சு எழுகிறது.

உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்புவது ஒரு வழி. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றிற்கான தடுப்பு மருந்தைச் சிறிதளவு ஒரு மருவினுள் ஊசியால் செலுத்தினால், உடல் விழித்துக்கொண்டு தொலைவிலுள்ள மருக்களையும் சேர்த்து அழிப்பதுண்டு. நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் பலர் இம்முறையைக் கையாளுகிறார்கள். இமிகுவிமோட் என்ற களிம்பும் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் வகையைச் சேர்ந்ததே.

மற்றொரு வழி, வைரஸை எதிர்க்கும் மருந்தையே தோலில் பூசுவது. அம்மருந்தின் பெயர் சிடோஃபோவிர். செக் நாட்டு வேதியியல் அறிஞர் அந்தோனின் ஹோலியும், பெல்ஜியம் நாட்டு அறிஞர் எரிக் டி கிளெர்க்கும் 1980-களில் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சியின் பயனாக இது கிடைத்தது. எய்ட்ஸ் நோயாளிகளின் விழித்திரையைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய்க்கு நரம்பின் வழியே செலுத்தும் மருந்தாக, 1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. பின்னர், வேறெதற்கும் மசியாத மருக்களுக்கு இதையே 1 முதல் 3 சதவிகிதம் அளவில் களிம்பாக்கித் தோல் மருத்துவர்கள் பூசிப் பார்த்தனர். எதிர்ப்புச் சக்தி குன்றிய குழந்தைகள் சிலருக்கும், ஆண்டுக்கணக்கில் மருவால் துன்புற்ற வேறு குழந்தைகள் சிலருக்கும் இதனால் குணம் கண்டதாக மருத்துவக் குறிப்புகள் வெளிவந்துள்ளன.

ஆயினும் சில உண்மைகளை மனத்திற் கொள்ளவேண்டும். இம்மருந்து மருவுக்கென அனுமதி பெற்றதன்று. மருத்துவர் தம் பொறுப்பில் தேர்ந்து கொடுப்பதாகும். வெளிவந்துள்ள குறிப்புகளும் பெரும்பாலும் சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளைப் பற்றியவையே. இது களிம்பாக விற்கப்படுவதில்லை. ஊசி மருந்தைக் கொண்டு தனியே தயாரிக்க வேண்டும். விலையும் அதிகம். பூசிய இடத்தில் எரிச்சலும் சிவப்பும் புண்ணும் வருவதுண்டு. இரத்தத்தில் கலந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியதாதலின், புண்ணான தோலிலும் பரந்த இடத்திலும் பூசுவது அபாயமாகும். எலிகளிடம் நடத்திய சோதனைகளில் இது புற்றுநோயை உண்டாக்கியமையால், பூசிவிடும் தாய் கையுறை அணிய வேண்டும். கருவுற்றிருப்பவர் இதைத் தொடவே கூடாது.

எனவே, இக்களிம்பு முதற் படியன்று, கடைசிப் படி. பெரிய மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் மருத்துவர் பார்த்துத் தீர்மானித்து, அவருடைய கண்காணிப்பிலேயே பூசப்படவேண்டியது.

எல்லா வைரஸ் மருந்தும் ஒன்றல்ல

"வைரஸுக்குக் களிம்பு வேண்டும்" என்று மருந்துக் கடையில் கேட்டால், பெரும்பாலும் கிடைப்பது அசைக்ளோவிர் களிம்பு. அது அக்கி, உதட்டுக் கொப்புளம் முதலியவற்றை உண்டாக்கும் வைரஸ் இனத்திற்கானது. மருவுக்கு அதனால் பயனில்லை. காரணத்தை உழவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அக்கிக் கிருமி, சொந்த மண்வெட்டியோடு வேலைக்கு வரும் ஆளைப் போன்றது. அந்த மண்வெட்டியைப் பற்றிக்கொண்டுதான் அசைக்ளோவிர் வேலை செய்கிறது. மருக் கிருமியோ வெறுங்கையோடு வந்து, வீட்டுக்காரருடைய மண்வெட்டியை எடுத்துக்கொள்ளும் ஆளைப் போன்றது. பற்றிக்கொள்ள ஏதுமின்மையால் அசைக்ளோவிர் அங்கே செயலற்றுப் போகிறது. சிடோஃபோவிருக்குக் கிருமியின் மண்வெட்டி தேவையில்லை. விரைந்து பெருகும் மருவின் உயிரணுக்களுள் புகுந்து, அவற்றின் பெருக்கத்தையே அது தடுக்கிறது. நல்ல தோலையும் அது புண்ணாக்குவதற்குக் காரணமும் அதுவே.

இதனினும் தீங்கானது ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசுவது. படைக்கும் சொறிக்கும் என்று விற்கப்படும் கலவைக் களிம்புகள் பலவற்றில் இம்மருந்து அடங்கியிருக்கிறது. இது பூசிய இடத்தில் உடலின் எதிர்ப்பைக் குறைத்துவிடுவதால், மரு மேலும் பரவக்கூடும். மருத்துவரின் சீட்டில்லாமல் எந்தக் களிம்பையும் வாங்கிக் குழந்தைக்குப் பூசாதிருப்பதே நன்று.

உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை

மரு முகத்திலோ கண்ணிமையிலோ இருந்தாலும், பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ தோன்றினாலும் வீட்டு மருந்து எதையும் தொடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விரைந்து வளரும் முளை, இரத்தம் கசியும் முளை, நிறம் மாறும் முளை ஆகியவற்றிற்கும் இதுவே விதி. உடலெங்கும் மருக்கள் பெருகுவதோடு அடிக்கடி காய்ச்சலும் சளியும் காணும் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியில் குறை இருக்கலாம். அதைச் சோதித்தறிவது மருவைப் போக்குவதைவிட முக்கியமானது. உணர்ச்சியற்ற தேமல் மருவன்று. அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாமாதலின், காலந் தாழ்த்தலாகாது.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

மருவைப் பற்றிய அச்சத்தைப் போக்குவது பஞ்சாயத்தின் முதற் பணி. மருவுள்ள குழந்தையைப் பள்ளியிலிருந்தும் அங்கன்வாடியிலிருந்தும் விலக்கி வைப்பதற்குக் காரணமில்லை. அக்குழந்தையோடு சேர்ந்து உண்ணலாம், விளையாடலாம். மருவை ஒரு துணியாலோ ஒட்டுத் துணியாலோ மூடிவைத்தால் போதும். இதை ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் எடுத்துரைக்க வேண்டும்.

இரண்டாவதாக, பொதுக் குழாயடி, குளியலறை, பள்ளிக் கழிப்பறை ஆகியவற்றின் தரையில் நீர் தேங்காமல் வடியும்படி செய்யலாம். பிள்ளைகள் அங்கே செருப்பணிந்து செல்லுவதை வழக்கமாக்கலாம். துண்டு, நகவெட்டி, சவரக் கத்தி ஆகியவற்றைப் பொதுவாகப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் கற்பிக்கலாம்.

மூன்றாவதாக, பள்ளிகளுக்கு வந்து குழந்தைகளைச் சோதிக்கும் நடமாடும் மருத்துவக் குழுவினரிடம் பிடிவாதமான மருவுள்ள பிள்ளைகளைக் காட்டச் செய்யலாம். மாவட்டத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு எந்த நாட்களில், எந்த நேரத்தில் நோயாளிகளைப் பார்க்கிறது என்பதைக் கேட்டறிந்து, பஞ்சாயத்து அலுவலக அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம். ஒரு நாள் கூலியை இழந்து நகரத்திற்குச் செல்லும் தந்தை, "இன்று டாக்டர் இல்லை" என்று கேட்டுத் திரும்பிவர நேராதபடி இச்சிறு உதவி காக்கும்.

நான்காவதாக, சந்தைகளிலும் திருவிழாக்களிலும் ஒரே நிமிடத்தில் மருவை எடுப்பதாகச் சொல்லி அமிலத்தை வைப்பவர்களிடம் குழந்தைகளை ஒப்படைக்க வேண்டாமென்று கிராம சபைக் கூட்டத்தில் எடுத்துக் கூறலாம்.

மேலே சொன்ன எட்டு வயதுச் சிறுமிக்குப் பெரும்பாலும் விலையுயர்ந்த களிம்பு தேவைப்படாது. சுகாதார நிலையத்து மருத்துவரின் சொல், ஒரு சிறு புட்டி மருந்து, இரவுதோறும் பத்து நிமிடம் அருகிலிருந்து பூசிவிடும் தாயின் பொறுமை ஆகிய மூன்றும் போதும். அவற்றிற்கும் மருக்கள் போகாவிடில், தோல் மருத்துவரிடம் வேறு வழிகள் இருக்கின்றன. அதுவரையில் கத்தியும் சுண்ணாம்பும் அமிலமும் அவள் விரல்களை அணுகாதபடி காப்பது பெற்றோரின் கடமை, ஊராரின் கடமையுமாகும்.